நாவல்காட்டு வாய்க்காலை மிதித்த கதை

எனக்கு மேட்டூர்தான் எல்லை. அதற்கு மேலே இருப்பதெல்லாம் வெளிநாடு. கும்பகோணத்துக்காரியான நான் பொதுப்பணித்துறையில் ஓவர்சியராக முப்பது வருடம் வாய்க்கால் கரைகளில் வெயிலில் காய்ந்தவள். தண்ணீர் மேலேயிருந்து கீழே வரும் என்பதைத் தவிர மலையைப் பற்றி ஒன்றும் தெரியாது. தெரிந்துகொள்ள ஆசையும் இருந்ததில்லை. அப்படிப்பட்டவளை அறுபத்திரண்டு வயதில், முட்டிவலியோடு ஏற்காட்டுக்கு ஏற வைத்தவள் செண்பகம்.

செண்பகத்தின் மகள் என் வீட்டு மாடியில் தங்கி நர்சிங் படிக்கிறாள். அவர்களுக்கு ஊர், சேர்வராயன் மலையில் நாகலூருக்குக் கீழே நாவல்காடு. நாற்பது வீடு. ஊருக்கு மேலே காப்பி எஸ்டேட்டுக்குள், வெள்ளைக்காரத் துரை காலத்தில் இந்த ஊர்க்காரர்களின் முன்னோர் வெட்டிய ஒரு வாய்க்கால் தூர்ந்து கிடந்தது. அதை மீட்கப்போகிறோம் என்று ஊரே ஞாயிற்றுக்கிழமைதோறும் மண்வெட்டியோடு கிளம்பியது. மாதக்கணக்கில் நடந்த அந்த வேலைக்குப் போனிலேயே யோசனை சொன்ன மகராசி யார் என்று நினைக்கிறீர்கள்? அடியேன்தான். நோயாளியைப் பார்க்காமலே மருந்து எழுதுகிற டாக்டர் மாதிரி, சாய்வு நாற்காலியில் காப்பி குடித்துக்கொண்டே சொன்னேன்.

மே மாதத்தில் ஒரு காலை அவளிடமிருந்து போன்.

"ஏனுங்கக்கா, வாய்க்கால் முழுசும் வாரியாச்சுங்க. தண்ணி உட்டமுங்க. பாதி வழில காணாமப் போயிருதுங்க."

"காணாமப் போறதுக்கு அது என்ன கன்னுக்குட்டியா? சரியாப் பாருடி."

"நல்லாப் பாத்தாச்சுங்க. வர்ற சனிக்கெழமைக்குள்ள கடைசிக் குட்டைக்குத் தண்ணி வரலீன்னா வாய்க்கால மூடிருவாங்களாமுங்க."

அதற்கு மேல் மூக்கை உறிஞ்சும் சத்தம் மட்டும் கேட்டது. பையில் வாட்டம், அதாவது சரிவு, பார்க்கும் ரசமட்டத்தையும் மூட்டுவலித் தைலத்தையும் எடுத்து வைத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை கிளம்பிவிட்டேன்.

சேலத்தில் ஏறிய பஸ் அடிவாரம் வரைக்கும் நல்ல பிள்ளையாகத்தான் போனது. அங்கே எலுமிச்சம்பழம் விற்றவனிடம் "எனக்கெதுக்குப்பா, நான் என்ன சாமிக்கா வந்திருக்கேன்?" என்று பெருமையாகச் சொல்லி அனுப்பினேன். மூன்றாவது கொண்டை ஊசி வளைவில் குடல் தொண்டைக்கு வந்தது. பக்கத்து சீட்டுப் பெண்மணி தன் எலுமிச்சம்பழத்தை நகத்தால் கீறி என் மூக்கடியில் பிடித்தார். அந்தம்மா நூறு வருஷம் நல்லா இருக்கட்டும்.

"இருவது வளைவுதாங்க. பன்னெண்டு முடிஞ்சிருச்சு, தைரியமா இருங்க" என்றார் கண்டக்டர். கழித்தல் கணக்கு எனக்கும் தெரியும். அந்த நேரத்தில் போட விரும்பவில்லை. பதின்மூன்றாவது வளைவில் ஒரு சுற்றுலாக் கார், கிளட்ச் கருகிப் புகையோடு குறுக்கே நின்றது. எல்லாரும் இறங்கித் தள்ளினோம். நானும் தள்ளினேன். வயிறு காலியாக இருந்ததால் உடம்பு லேசாகத்தான் இருந்தது.

ஏற்காட்டில் ஏரியைச் சுற்றி ஒரே கூட்டம். நான்கு மிளகாய் பஜ்ஜி தின்ற பிறகுதான் உலகம் நேராகத் தெரிந்தது. இன்னொரு பஸ் பிடித்து நாகலூரில் இறங்கி, அங்கிருந்த சாகுல் பாய் கடையில் "நல்லா ஒரு காப்பி போடுங்க" என்றேன். சாகுல் பாய் பெஞ்சைத் துடைத்தபடி, "டீதாங்கம்மா இருக்குது" என்றார். கண்ணுக்கு எட்டிய தூரம் காப்பிச் செடி, கடையில் டீ! எங்கள் ஊரில் ஒரு காப்பிச் செடிகூடக் கிடையாது, ஆனால் காப்பியைத் தவிர வேறு எதையாவது கொடுத்தால் சம்பந்தமே முறிந்துவிடும். இதைச் சொன்னதும் அவர் சிரித்தார்.

"நாவல்காட்டு வாய்க்கால் பாக்கவா வந்திருக்கீங்க? அதுல தண்ணி வந்துச்சுன்னா, கடையச் சாத்திட்டு வந்து அத்தன பேருக்கும் நன்னாரி சர்பத் ஊத்தறேன்னு சொல்லியிருக்கறனுங்க. நாலு மாசமா சர்பத் அப்படியேதான் இருக்குது."

"சர்பத்தைத் தயாரா வெச்சுக்குங்க பாய்" என்றேன். வாய்க்கொழுப்பு எனக்குப் பிறவியிலேயே உண்டு.

செண்பகத்தின் வீட்டில் அன்று ராகிக் களியும் அவரைக் குழம்பும். களியை மெல்லக் கூடாது, விழுங்க வேண்டும் என்று அவள் சொல்வதற்குள் நான் மென்று பல்லெல்லாம் ஒட்டிக்கொண்டது. அவள் கணவர் அண்ணாமலை எதிரில் உட்கார்ந்து சிரிப்பை அடக்கினார். பேச்சு அதிகம் இல்லாத மனிதர். எழும்போது தடியை ஊன்றி, இடது இடுப்பை இழுத்து இழுத்து நடந்தார். சுவரில், துணி சுற்றிய ஒரு மேளம் தூசி படிந்து தொங்கிக்கொண்டிருந்தது.

மறுநாள் விடியும் முன்னே டண் டண் டண் என்று யாரோ தகரத்தைப் போட்டு அடித்தார்கள். அலறி எழுந்து உட்கார்ந்தேன். "யாருடா அவன், பொழுது விடியறதுக்குள்ள?" என்று கத்தியபடி வாசலுக்கு வந்தால், அண்ணாமலை. தடியும் எண்ணெய் டின்னுமாகத் தெருக்குழாய்ப் பக்கம் போய்க்கொண்டிருந்தார். பின்னால் பெண்கள் குடத்தோடு வரிசையாகப் போனார்கள்.

செண்பகம்தான் விவரம் சொன்னாள். முன்பெல்லாம் வாய்க்கால் தண்ணீர், ஊருக்கு அப்பால் காட்டோரம் உள்ள குட்டையில் போய் விழும். காட்டுமாடுகள் அங்கேயே குடித்துவிட்டு அங்கேயே மேயும். வாய்க்கால் தூர்ந்து குட்டை வறண்ட பிறகு, கோடையில் அவை தண்ணீர் மோப்பம் பிடித்துத் தெருக்குழாய்க்கு வர ஆரம்பித்தன. மூன்று வருடம் முன்பு ஒரு விடியற்காலை அவள் குடத்தை நிரப்பிக்கொண்டிருந்தபோது குழாய்க்கு அந்தப் பக்கம் ஒன்று நின்றது. அவளைத் தள்ளிவிட்டு அண்ணாமலை நடுவில் போனார்; மாடு முட்டியது. அதிலிருந்து அந்த இடுப்பு அப்படித்தான்.

"அன்னீலருந்து ஒரு நாளுகூட அவரு விடியற வரைக்கும் தூங்குனதில்லீங்க்கா. எல்லாத்துக்கும் முன்னாடி எந்திரிச்சுப் போய் மாட்ட வெரட்டத் தகரம் தட்டுவாரு. சாகுல் பாய் ஆஸ்பத்திரிக்கு ஜீப் கொண்டுட்டு வரலீன்னா ஆளே இருந்திருக்க மாட்டாரு."

பள்ளிக்கூடத்துப் பக்கம் கறுப்புக் குழாய்ச் சுருள்கள் அடுக்கியிருந்தன. வாய்க்கால் தொடங்கும் ஊற்றிலிருந்து வீடுகளுக்கு நேராகக் குழாய் போட்டு, வாய்க்காலை மண் தள்ளி மூடி, அதன் மேல் நடைபாதை அமைப்பதாகத் திட்டம். வந்திருந்த பொறியாளர் சின்ன வயசு, மரியாதையான பையன். "மேடம், ஊருக்குத் தண்ணி குடுக்கணும், அது என் வேலை. சனிக்கிழமை மத்தியானம் வரேன். குட்டையில தண்ணி இருந்தா குழாயை வேற ஊருக்கு அனுப்பிடறேன்" என்றான். அவன் சொன்னதில் தப்பே இல்லை. ஆனால் வாசலுக்கு வாசல் குழாய் வந்தால், காட்டுமாடும் வாசலுக்கு வாசல் வரும்.

அந்த நினைப்போடு வாய்க்காலைப் பார்க்கப் போனேன். அடடா! எங்கள் ஊர் ஆறுகள் படுத்துக்கொண்டே போகும். இது மலை இடுப்பில் ஒட்டியாணம் போட்டதுபோல வளைந்து வளைந்து போகிறது. இரண்டடி அகலம், ஒரு மைல் நீளம். நடுவில் ஓர் இடத்தில் மலை செங்குத்தாக விழ, அங்கே பாறையை ஒட்டி எண்பதடி நீளத்துக்குக் கல்லை அடுக்கித் தொட்டிபோலக் கட்டியிருக்கிறார்கள். கல்லுக்குக் கல் காரை கிடையாது. அந்தப் பாறைக்கட்டில்தான் தண்ணீர் மாயமானது. ஒரு முனையில் கணுக்கால் அளவு நுழையும், மறுமுனைக்கு ஈரம்கூட வராது. இவர்கள் அதைச் சோற்றுப் பானைபோலக் கழுவி வைத்திருந்தார்கள். ஒவ்வொரு கல்லும் பளிச்சென்று இருந்தது.

"வாட்டம் தப்பு" என்று பார்த்த மாத்திரத்தில் தீர்ப்புச் சொன்னேன். திங்கள் முழுக்கவும் செவ்வாய் முழுக்கவும் ரசமட்டத்தைப் பிடித்துக்கொண்டு அந்த ஒரு மைலையும் தவழ்ந்து அளந்தேன். நடுவில் நூல் பிடித்தவர்களையெல்லாம் திட்டினேன். "கையை ஆட்டாதேடா! உன் கை என்ன கோயில் மணியா?" என்று நான் கத்தியதற்கு, வெள்ளையன் என்ற பெரிய மீசைக்காரர், "சரிங்க ஓவர்சியரம்மா" என்று கையைப் பாறைமேல் முட்டுக் கொடுத்தார். என்னைவிட மூத்தவர் என்று பிறகுதான் தெரிந்தது.

செவ்வாய் சாயங்காலம் கணக்கு முடிந்தது. வாட்டத்தில் ஒரு விரற்கடை பிசகு இல்லை. நாங்கள் மிஷின் வைத்து வெட்டிய வாய்க்காலில்கூட இப்படிப்பட்ட ஒழுங்கை நான் பார்த்ததில்லை. வெட்டியவர்களின் பேரன் பேத்திகளை இரண்டு நாள் கரித்துக் கொட்டியிருக்கிறேன். வெட்கமாக இருந்தது. வந்து சாமைச் சோறு சாப்பிட்டேன்.

அன்றைக்குப் பார்த்து, வீட்டுக்கு முன்னால் ஆட்டப் பயிற்சி. சேர்வராயன் கோயில் திருவிழா நெருங்குகிறது. மாலை விளக்கு வைத்ததும் ஆண்களும் பெண்களும் வரிசை கட்டி ஆடுகிறார்கள். இரண்டு எட்டு முன்னே, ஓர் எட்டு பின்னே. பெருவிரல் முதலில் இறங்கும், பிறகு குதிகால் நங்கென்று விழும். வெள்ளையன்தான் ஆட்ட வாத்தியார். என் முட்டிவலிக்கு அந்த அதிர்வு நேராக எலும்பில் ஏறியது. "மேளம் அடிக்கிறவனுக்குத் தாளமே நிக்கலையே" என்று முணுமுணுத்தேன். "முன்னாடி எங்க ஊட்டுக்காரருதானுங்க அடிப்பாரு. அடிபட்டதுக்கப்பறம் தொடவே இல்ல. ஆட முடியாதவனுக்கு மேளம் எதுக்குன்னுட்டாரு" என்றாள் செண்பகம், சுவரில் தொங்கியதைக் காட்டி.

புதன்கிழமை காலை கையைப் பிசைந்துகொண்டு கொல்லைப்புறம் நின்றேன். பந்தலில், எங்கள் ஊரில் சௌசௌ என்கிற மேரக்காய்க் கொடி வெறி பிடித்து ஏறியிருந்தது. ஊரெல்லாம் செம்மண், இந்தக் கொடியின் வேரில் மட்டும் கறுப்பு மண். ஒரு பிடி எடுத்து எச்சில் தொட்டு விரல்களுக்கு நடுவே திரித்தேன். விளக்குத் திரி மாதிரி உடையாமல் நீண்டது. சுத்தமான களிமண்.

"செண்பகம்! இந்த மண்ணு ஏது?"

"பாறக்கட்டுல சொரண்டி எடுத்த வண்டலுங்க்கா. அடீல ஒரு சாணுக்கு அப்பிக் கெடந்துச்சு. நொம்ப நல்ல மண்ணு, தங்கமாட்ட. ஊடு ஊட்டுக்குப் பங்கு போட்டு எடுத்துக்கிட்டமுங்க. நீங்கதான சொன்னீங்க, கல்லு தெரியற வரைக்கும் சொரண்டோணும், ஒரு பொட்டு இருக்கக் கூடாதுன்னு?"

சொன்னேன். ஆமாம், நான்தான் சொன்னேன். எங்கள் ஊரில் தூர் வாரினால் பழைய தரை தெரிகிற வரை வார வேண்டும். அதுவே களிமண் தரை, தண்ணீர் எங்கேயும் போகாது. இங்கே தரை கல். அந்தக் கல்லின் இடுக்கையெல்லாம் அடைத்துக்கொண்டிருந்தது இந்தக் களிமண். முன்னோர்கள் எங்கோ ஒரு சதுப்பிலிருந்து சுமந்து வந்து அப்பியதை வண்டல் என்று நினைத்துச் சுரண்டச் சொல்லிவிட்டேன். வண்டல் என்றால் எந்த விவசாயி விடுவான்? ஊரே அள்ளிக்கொண்டு போய் அவரையும் மேரக்காயும் நட்டுவிட்டது. வாய்க்காலைக் கொன்றது துரையும் இல்லை, காலமும் இல்லை. கும்பகோணத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்த ஒரு வாயாடி.

அன்று மத்தியானமே பள்ளிக்கூடத்து மரத்தடியில் ஊரைக் கூட்டச் சொன்னேன். நாற்பது குடும்பத்துக்கு முன்னால் எழுந்து நின்றேன். "தப்பு உங்க மேல இல்ல. வாட்டமும் தப்பில்ல. நான் பாக்காம சொன்ன புத்தி தப்பு. மன்னிச்சுக்குங்க" என்றேன். முப்பது வருட சர்வீஸில் எந்த மேலதிகாரியிடமும் நான் சொல்லாத வார்த்தை அது.

வெள்ளையன் மீசையைத் தடவினார். "மனுசருக்குத் தப்பு வாரது சகஜமுங்க. இப்ப என்ன பண்றதுன்னு சொல்லுங்க."

"எடுத்த மண்ண அவங்கவங்க திருப்பிக் கொண்டாந்து போடணும்."

அப்போதுதான் கூச்சல் கிளம்பியது. ஒருத்தி மண்ணில் அவரை பூத்திருக்கிறது, ஒருத்தர் மிளகுக் கொடி பதியன் போட்டிருக்கிறார். வேறு இடத்தில் களிமண் எடுக்கலாம் என்றால், அந்தப் பழைய சதுப்பின் மேல் இப்போது ஒரு விடுதியின் நீச்சல்குளம் இருக்கிறது. சிமெண்ட் பூசலாம் என்று ஒருவர் சொன்னார். பழைய வேலையில் சிமெண்ட் படக் கூடாது என்பது எஸ்டேட்காரர் அனுமதி கொடுத்தபோதே போட்ட ஒரே நிபந்தனை. செண்பகம் சண்டைக்கு நிற்கவில்லை. எழுந்து வீட்டுக்குப் போனாள். காய்த்துக் குலுங்கிய தன் மேரக்காய்க் கொடியை அடியோடு பிடுங்கி எறிந்துவிட்டு, முதல் சட்டி மண்ணைத் தலையில் வைத்துக்கொண்டு மரத்தடி வழியாக எல்லார் கண்ணெதிரிலும் மலையேறினாள். கொஞ்ச நேரத்தில் இரண்டாவது சட்டி பின்னால் போனது. பிறகு மூன்றாவது.

வியாழன் முழுக்க மண் வந்தது. நான் பாறைக்கட்டின் வாயிலில் உட்கார்ந்து ஒவ்வொரு சட்டியாக மோந்து பார்த்தேன். ஆட்டுப்புழுக்கை கலந்ததைத் திருப்பி அனுப்பினேன். "ஏனுங்க, ஓவர்சியரம்மா மூக்கு சர்க்கார் மூக்குங்களா, இப்படிக் கண்டுபிடிக்குது?" என்று ஒரு கிழவர் கேட்டார். சாகுல் பாயும் தன் கடை வாசல் ரோஜாவுக்கு இரண்டு மூட்டை வாங்கியிருந்தாராம். ஜீப்பில் செடியோடு கொண்டு வந்து இறக்கினார். "மண்ண எடுத்துக்குங்க. ரோசாவ மட்டும் குடுத்துருங்கம்மா, ஊட்டுக்காரி உசுர எடுத்துருவா." ரோஜாவைப் பத்திரமாகப் பிரித்துக் கொடுத்தோம்.

மண் சேர்ந்தால் மட்டும் போதாது. ஊற வைத்து, கல் பொறுக்கி, ஒரு சாண் கனத்துக்குப் பரப்பி, காற்று இல்லாமல் மிதிக்க வேண்டும். எங்கள் ஊரில் எருமையை விட்டு மிதிப்போம். இங்கே எருமைக்கு எங்கே போவது? ஆடுகளைக் கொண்டுவந்தார்கள். ஆடுகள் இந்த முனையில் ஏறி, நடுவில் நின்று கீழே பள்ளத்தைப் பார்த்து, ஒரே தாவாக எங்கள் தலைக்கு மேலே பாறையேறிப் போய்விட்டன. அவற்றைப் பிடிக்கவே சாயங்காலமாகிவிட்டது.

வெள்ளிக்கிழமை ஆட்களை இறக்கினேன். இரண்டடி அகலத் தொட்டியில் ஆளாளுக்கு ஒரு வேகத்தில் மிதித்தார்கள். ஒருவன் காலை எடுத்த குழியை அடுத்தவன் மிதிக்காமல் தாண்டினான். ஒரு மணி நேரத்தில் எல்லாருக்கும் தொடை கடுத்துவிட்டது. சேறு மேடும் பள்ளமுமாகக் கிடந்தது. நாளைக்கு மத்தியானம் பொறியாளர் வருகிறார். செண்பகம் கரையில் முகத்தை மூடிக்கொண்டு உட்கார்ந்தாள்.

எனக்கு அப்போதுதான் அந்தக் குதிகால் ஞாபகம் வந்தது. பெருவிரல், குதிகால். இரண்டு எட்டு முன்னே, ஓர் எட்டு பின்னே. ஓர் இடத்தையும் விடாமல் இரண்டு தடவை மிதிக்கிற ஆட்டம்! "வெள்ளையண்ணே, உங்க ஆட்டத்த இங்க ஆடுங்க" என்றேன்.

வெள்ளையன் முகம் மாறிவிட்டது. "அது சாமிக்கு முன்னால ஆடறதுங்க. சேத்துல ஆடறதா? வேற என்ன வேணாலும் சொல்லுங்க." மற்றவர்களும் தலையை ஆட்டினார்கள். அவர் சொன்னதும் நியாயம்தான். எங்கள் ஊர்த் தேரை நெல் ஏற்றக் கொடு என்று யாராவது கேட்டால் நான் சும்மா விடுவேனா?

அண்ணாமலை தடியை ஊன்றி எழுந்து ஊர்ப் பக்கம் போனார். மனசு உடைந்து போகிறார் என்றுதான் எல்லாரும் நினைத்தோம். அரை மணி கழித்துத் திரும்பி வந்தார். தோளில் அந்த மேளம். பாறைக்கட்டின் தலைமாட்டில், கல்மேல் இடுப்பைச் சாய்த்து உட்கார்ந்தார். கைக்குட்டையால் தூசியைத் துடைத்தார். யாரையும் பார்க்காமல் அடிக்க ஆரம்பித்தார்.

என்ன சொல்ல! மூன்று வருடம் தகரம் தட்டிய கையா அது? அந்த அடி பாறையில் பட்டுத் திரும்பி வந்தது. முதலில் செண்பகம் முகத்திலிருந்து கையை எடுத்தாள். அவள் கண்ணில் நீர் கொட்டியது. சேற்றில் இறங்கினாள். பெருவிரல், குதிகால். அவள் பின்னால் இரண்டு பெண்கள் இறங்கினார்கள். வெள்ளையன் நின்ற இடத்திலேயே நின்றார். ஆனால் அவர் வலது குதிகால் அவரைக் கேட்காமலே தரையைத் தட்டிக்கொண்டிருந்ததை நான் பார்த்தேன். கடைசியில் வேட்டியை மடித்துக் கட்டினார். பாறையைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு வரிசைக்கு முன்னால் போய் நின்றார்.

அதற்குப் பிறகு யாரும் ஓயவில்லை. ஒற்றை வரிசையில் எண்பதடி போவதும் வருவதுமாக ஆடினார்கள். நான் ஓரத்தில் நின்று தண்ணீர் தெளித்தேன், அடுத்த அடுக்கு மண்ணைப் போடச் சொன்னேன், கத்தினேன். யார் காதிலும் விழவில்லை. விழ வேண்டிய அவசியமும் இல்லை. பிறகு, முட்டிவலியாவது மண்ணாவது என்று புடவையைச் செருகிக்கொண்டு நானும் இறங்கிவிட்டேன். என் ஆட்டத்தைப் பார்த்து அண்ணாமலை சிரித்ததில் ஓர் அடி தப்பியது. இருட்டுவதற்குள் சேறு, மெழுகிய தரைபோல வழவழவென்று ஆகியிருந்தது. காய்ந்து வெடிக்காமலிருக்க ஈரச் சாக்கு போட்டு மூடினோம்.

சனிக்கிழமை காலை ஊற்றின் வாயை அடைத்திருந்த மடைப் பலகையைச் செண்பகம் தூக்கினாள். எங்கள் ஊரில் புதுத் தண்ணீர் திறந்தால் அதன் முனையோடு கூடவே நடந்து போவோம். தண்ணீரைத் தனியே அனுப்பக் கூடாது. அப்படியே நடந்தேன். ஊரே பின்னால் வந்தது. சருகும் நுரையுமாக முனை நகர்ந்தது. எறும்புகள் கரையேறின. எங்கிருந்தோ ஒரு தவளை குதித்து முன்னே நீந்தியது. சீட்டியடிக்கிற ஒரு கருநீலக் குருவி கல்லுக்குக் கல் தாவிக்கொண்டு எங்களோடேயே வந்தது.

பாறைக்கட்டு வந்தது. தண்ணீர் உள்ளே நுழைந்தது. கட்டுக்கு அடியில் குனிந்து கல்லிடுக்கில் கையை வைத்தேன். காய்ந்திருந்தது. இன்னும் கொஞ்சம் தள்ளி வைத்தேன். காய்ந்திருந்தது. நிமிர்வதற்குள் அந்த முனையிலிருந்து வெள்ளையன் கத்தினார்: "வந்துருச்சு! வந்துருச்சுங்க ஓவர்சியரம்மா! அத்தனையும் வந்துருச்சு!"

குட்டையில் முதல் தண்ணீர் விழுந்தபோது பொறியாளர் ஏற்கெனவே வந்து டிபன் டப்பாவைத் திறந்து உட்கார்ந்திருந்தான். எழுந்து வந்து செருப்பைக் கழற்றிவிட்டுத் தண்ணீரில் கால் வைத்தான். சின்னப் பையன்தானே, சிரிப்பை அடக்கத் தெரியவில்லை. "ரிப்போர்ட்ல என்ன எழுதட்டும் மேடம்?" என்றான். "தண்ணி இருக்குதுன்னு எழுதுங்க தம்பி" என்றேன். அதற்குள் ஹாரன் அடித்துக்கொண்டு சாகுல் பாயின் ஜீப் வந்துவிட்டது. அண்டா நிறையச் சர்பத். முதல் டம்ளர் எனக்கு. இரண்டாவது டம்ளரை அவரே அண்ணாமலை கையில் கொடுத்து, அவர் குடித்து முடிக்கும் வரை பக்கத்திலேயே நின்றார். நான் ஏழு டம்ளர் குடித்தேன். வெட்கம் என்ன, ஜெயித்தவர்கள் குடிக்கிறோம்!

மறுநாள் ஆறு மணி பஸ்ஸைப் பிடித்தால்தான் சேலத்தில் ரயிலுக்கு நேரம் சரியாக இருக்கும். எழுப்பச் சொல்லவில்லை, போனில் அலாரமும் வைக்கவில்லை. எதற்கு? விடியும் முன்னே டண் டண் என்று காதைப் பிளக்கும் தகரம்தான் இருக்கிறதே என்று நிம்மதியாகப் படுத்தேன்.

கண் விழித்தபோது முகத்தில் சுள்ளென்று வெயில். பஸ் போயே போய்விட்டது. "இந்த மனுஷனுக்கு இன்னைக்குன்னு பார்த்து என்ன வந்தது?" என்று பதறிக்கொண்டு வெளியே ஓடினேன். செண்பகம் நிறைகுடத்தோடு தெருக்குழாயிலிருந்து வந்துகொண்டிருந்தாள், தனியாக. குடத்தை இறக்கிவிட்டு வாயில் விரலை வைத்தாள்.

"விடியறதுக்கு முன்னாடியே டின்ன எடுத்துட்டுப் போனாருங்க்கா. குட்டப் பக்கம் எட்டிப் பாத்தாராம். காட்டுமாடு நாலு உருப்படி, ஒரு கன்னுக்குட்டி. நின்னு தண்ணி குடிக்குதாம். பாத்துட்டு அப்படியே திரும்பி வந்து படுத்துட்டாருங்க."

உள்ளே எட்டிப் பார்த்தேன். எண்ணெய் டின் மூலையில் கவிழ்ந்து கிடந்தது. அண்ணாமலை வாயைப் பிளந்துகொண்டு, குறட்டை விட்டுக்கொண்டு, அந்த வெயிலிலும் அசையாமல் தூங்கிக்கொண்டிருந்தார்.

"மூணு வருசம் ஆச்சுங்க்கா" என்றாள் செண்பகம். "எழுப்பாதீங்க."

நான் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு சத்தமில்லாமல் வெளியே வந்து, அடுத்த பஸ்ஸுக்குக் காத்திருந்தேன்.